ஜப்பானியர் வீட்டுக்குப் போகிறீர்களா? பரிசைப் பையோடு நீட்டாதீர்கள்

ஜப்பானில் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வெறுங்கையோடு போவது அழகல்ல. டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில் அருமையான இனிப்புப் பெட்டிகள் கிடைக்கும். 4, 9 என்ற எண்ணிக்கை மட்டும் வேண்டாம்; ஜப்பானிய மொழியில் அவற்றின் ஒலி சாவையும் துன்பத்தையும் நினைவூட்டும்.

கொடுக்கும் விதம்தான் முக்கியம். வாசலிலேயே நீட்டாமல், உள்ளே போய் வணக்கம் சொன்னபின் கடைப் பையிலிருந்து பெட்டியை வெளியே எடுங்கள். பை வழியில் தூசி படாமல் காக்கத்தான். பெட்டியின் முகப்பு அவர்களைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கைகளாலும் கொடுங்கள். காலிப் பையை மடித்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் போல உருகும் பொருளென்றால் வாசலிலேயே கொடுத்துவிடலாம்.

அப்புறம், உங்கள் முன்னால் பிரிக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். பல வீடுகளில் நீங்கள் கிளம்பிய பிறகுதான் பிரிப்பார்கள்.