குரூப்பில் போட்ட வேலை கரை சேர

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஒரு சின்ன விடுதியின் ரிசெப்ஷன் என் பொறுப்பு. சமையல்கட்டு, ரூம் துப்புரவு செய்யும் அக்காமார், பைப் திருத்த வரும் பாஸ், நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் போட் ஓட்டும் தம்பிமார், எல்லாருக்கும் வேலை போவது ஒரே வட்ஸ்அப் குரூப்பில்தான். பெரிய கொம்பனிகள் இதற்கென்று தனி ஆப் வைத்திருக்கின்றன. எங்கள் பைப் பாஸிடம் இன்னொரு ஆப் போடச் சொன்னால் போனையே அணைத்து வைத்துவிடுவார். ஆகவே இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வழி இது.

ஒரு மெசேஜில் ஒரு வேலை மட்டும். "மேல் ரூம் ஏசியில தண்ணி ஒழுகுது, கீழ் ரூமில சோப் முடிஞ்சுது, நாளைக்குப் புறாமலைக்கு நாலு பேர்" என்று ஒரே மூச்சில் எழுதினால், யாரோ சோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கட்டைவிரலைப் போட்டுவிடுவார். பார்க்கிறவருக்கு மூன்றும் முடிந்த மாதிரி இருக்கும். மூன்று மெசேஜாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் @ போட்டு ஒருவர் பெயர், வேலை, நேரம். குரூப்பைத் திறக்க முன்னமே அந்த @ குறி அவருக்குத் தெரியும். "யாராவது பாருங்கோ" என்று எழுதினால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். "பிறகு" என்பதும் வேண்டாம், "பின்னேரம் 4 மணிக்கு முன்னம்" என்று போடுங்கள்.

எங்கள் குரூப்பில் கட்டைவிரலுக்கு "கண்டேன்" என்று மட்டும்தான் அர்த்தம். வேலை முடிந்தால் அதே மெசேஜை ரிப்ளை பண்ணி ஒரு படம் போட வேண்டும். பச்சைச் சரிக்குறியை வேலை கேட்டவர்தான் போடுவார், செய்தவர் அல்ல. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

சிலவேளை வேலை பாதியில் ஆள் மாறும். பாஸ் வந்து பார்த்துவிட்டு "வால்வு மாத்த வேணும், சாமான் இல்லை" என்பார். அந்த நிமிடத்தில் அது டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவரின் வேலையாகிவிடுகிறது. உடனே அவர் பெயரில் புது மெசேஜ் போடாவிட்டால் பாஸ் சாமானுக்குக் காத்திருப்பார், நாங்கள் பாஸுக்குக் காத்திருப்போம்.

போட் விஷயத்துக்குத்தான் மெசேஜைப் பின் (pin) பண்ணும் வசதி. மூன்று மெசேஜ் வரை மேலே குத்தி வைக்கலாம். 24 மணித்தியாலம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். மறுநாள் பயணத்தை நான் 24 மணித்தியாலத்துக்குக் குத்துவேன்: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, சின்னப் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் வேணுமா. கச்சான் காற்று எழும்ப முன் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் அரை மணி பிசகினாலும் பயணம் கெட்டுவிடும். நேரம் மாறினால், மெசேஜ் போட்டு 15 நிமிடத்துக்குள் என்றால் அதே மெசேஜைத் திருத்தலாம். அது தாண்டிவிட்டால் புதிதாக எழுதிக் குத்துங்கள், பழையதைக் கட்டாயம் கழற்றுங்கள். இரண்டு நேரம் மேலே தொங்கினால் தம்பிமார் தங்களுக்கு வசதியானதைத்தான் எடுப்பார்கள்.

அக்காமார் எழுதமாட்டார்கள், வொய்ஸ்தான். அதைத் தடுக்காதீர்கள். ஆனால் வொய்ஸுக்குள் இருப்பதைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே கேட்டவுடன் அதற்கு ரிப்ளையாக "மேல் ரூம், போர்வை, இன்றைக்கு" என்று ஒரு வரி நானே எழுதிவிடுவேன். தமிழ் வாசிக்காத சிங்களத் தம்பிமாருக்கு உடைந்த இடத்தில் விரலை வைத்து எடுத்த படம் போதும்.

அப்புறம், துரத்திப் பிடிப்பது. நான் கேட்ட வேலைக்கெல்லாம் ஸ்டார் போடுவேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும். முடிந்தால் ஸ்டாரை எடுப்பேன். ஷிஃப்ட் மாறிப் போக முன் அந்தப் பட்டியலைப் பார்த்தால் மிச்சம் என்னவென்று தெரியும். மிச்சமிருந்தால் உடனே ஏசாதீர்கள். நீங்கள் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைப் பாருங்கள், யார் வாசித்தார் என்று காட்டும். வாசிக்கவில்லையா, கடலில் நிற்பார். கரைக்கு வரும் நேரம் பார்த்து கோல் எடுங்கள். வாசித்தும் செய்யவில்லையா, இன்பொக்ஸில் தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் ரோசம் வந்து, செய்ய இருந்ததையும் விட்டுவிடுவார்கள்.

காலை வணக்கப் படங்களுக்கு வேறு குரூப் திறந்து கொடுத்திருக்கிறேன். சமையல்கட்டு அண்ணை மட்டும் இன்னும் இங்கேதான் போடுகிறார்.