மாமியார் வீட்டுத் தீயலும் என் நாக்கும்: பிடிக்காத கறியோடு ராசியாகும் வழி

இருபத்தெட்டு வயது வரைக்கும் என் இலையின் ஓரத்தில் எப்போதும் ஒரு குவியல் இருக்கும். பாவக்காய், வழுதலங்காய், வெண்டைக்காய், அவியலில் கிடக்கும் சேனைத் துண்டு என்று எல்லாவற்றையும் பொறுக்கி அங்கே ஒதுக்கிவிடுவேன். (வெளியூர்க்காரர்களுக்கு: வழுதலங்காய் என்றால் கத்திரிக்காய்தான்.) மீனில் நெய்மீனும் வறுத்த நெத்தோலியும் மட்டும் இறங்கும். சாளை (மத்தி மீன்) அடுப்பில் ஏறினால் நான் வீட்டை விட்டு இறங்கிவிடுவேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பிறந்துவிட்டுச் சாளை தின்னாதவன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அம்மை கேலி செய்யமாட்டாள், திட்டத்தான் செய்வாள்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் விருந்து. இலையில் பாவக்காய்த் தீயல், அதாவது வறுத்த தேங்காய் அரைத்த புளிக்குழம்பு. புது மாப்பிள்ளை எப்படி ஒதுக்கி வைப்பது? மாத்திரை போடுவதுபோல ஒவ்வொரு துண்டையும் தண்ணீரோடு விழுங்கி, அதை முதலில் தீர்த்துவிட்டேன். மாமியார் பார்த்தார். "மருமகனுக்குத் தீயல்னா ரொம்ப இஷ்டம் போலிருக்கே" என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார்.

அன்றைக்குத்தான் இதை ஒரு வழி பண்ணவேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு வருடம் ஆனது. பப்பாளி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இன்று விரும்பியே சாப்பிடுகிறேன். நான் செய்தது இதுதான்.

முதலில்: மூக்கைப் பிடித்து ஒரு சோதனை

"எனக்குப் பாவக்காய் பிடிக்காது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பாவக்காயில் எது பிடிக்கவில்லை? கசப்பா, வாசனையா, வாயில் படும் விதமா, பழைய நினைவா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை.

பிடிக்காத கறியில் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு எடுங்கள். மூக்கை நன்றாகப் பொத்திக்கொண்டு வாயில் போட்டு மெல்லுங்கள். ஐந்தாறு தடவை மென்றபிறகு மூக்கை விடுங்கள்.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் வாசனை. மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்குப் போகிறது. நாக்குக்குத் தனியாகத் தெரிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் இருக்கும் அந்த ஐந்தாவது சுவை, அவ்வளவுதான். ஆகவே மூக்கைப் பொத்தியிருக்கும்போது தொல்லையில்லாமல் இருந்து, விட்டதும் குமட்டினால் குற்றவாளி வாசனை. பொத்தியிருக்கும்போதே கசந்தால் குற்றம் நாக்கில் தெரியும் சுவை. சுவையும் இல்லை, வாசனையும் இல்லை, ஆனாலும் துப்பத் தோன்றுகிறது என்றால் பதம்தான் காரணம், கொழகொழப்போ நாரோ.

எனக்குப் பாவக்காயில் கசப்பு, சாளையில் வாசனை, வெண்டைக்காயில் கொழகொழப்பு. வழுதலங்காயில் ஒன்றுமே இல்லை! சின்ன வயதில் அண்ணன் தின்னமாட்டான், நானும் தின்னவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரே வாரம்தான் ஆனது.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கசப்பு எல்லார் நாக்கிலும் ஒரே அளவில் படுவதில்லை. 1931இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "கசக்கிறது" என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த வேறுபாடு பரம்பரையாக வருவது என்று பிறகு தெரிந்தது. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவர் பாவக்காயை அள்ளித் தின்பதும் நீங்கள் முகம் சுளிப்பதும் வீம்பாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

அடுத்தது: நன்றாகச் செய்த ஒன்றைத் தேடுங்கள்

பிடிக்காததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் நாலையும் திருத்தப் பார்த்தால் ஒன்றும் திருந்தாது. எடுத்ததை, அதன் குறையை அடக்கும் முறையில் சமைக்க வேண்டும். உங்கள் வெறுப்பு காயின் மேல் இல்லாமல், அதை வேகவைத்து உப்புப் போட்ட யாரோ ஒருவரின் மேல் இருக்கவும் வாய்ப்புண்டு.

பாவக்காயைக் கிச்சடியாகத் தொடங்குங்கள். எங்கள் ஊர்க் கிச்சடியில் ரவை கிடையாது, தயிர். மெல்லிசாக வட்டம் வட்டமாக நறுக்கி, உப்புப் பிரட்டி இருபது நிமிடம் வைத்துப் பிழிந்து, தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்து எடுங்கள். தேங்காய், கடுகு, பச்சைமிளகாய் அரைத்துத் தயிரில் கலக்கிவையுங்கள். பரிமாறுவதற்கு முன்னால்தான் வறுத்ததை அதில் போடவேண்டும், முன்னதாகப் போட்டால் நமுத்துவிடும். உப்பு இங்கே இரண்டு வேலை செய்கிறது: பிழியும்போது கசப்புநீர் கொஞ்சம் வெளியே போகும், மிச்சமிருக்கும் கசப்பை நாக்கு உணர்வதையும் உப்பு மட்டுப்படுத்தும்.

கிச்சடி பழகியபிறகு தீயல். கால் கிலோ பாவக்காய்க்கு ஒரு கப் தேங்காய்த் துருவல், ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி, நாலைந்து வத்தல் மிளகாய், அரைக் கரண்டி நல்லமிளகு (மிளகு), ஐந்தாறு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்). எல்லாவற்றையும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் சிறுதீயில் வறுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது. தேங்காய் முதலில் வெள்ளையாகவே அடம்பிடிக்கும், பிறகு பொன்னிறமாகும், அதற்கப்புறம் சடசடவென்று காப்பித்தூள் நிறத்துக்கு ஓடும். அந்த இடத்தில் இறக்கிவிடுங்கள். ஒரு நிமிடம் கூடினால் கரிந்து, அதன் கசப்பும் குழம்பில் சேரும். பழி பாவக்காய் மேல் விழும். ஆறியதும் மையாக அரைத்து, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள், உப்பு, தனியாக வறுத்த பாவக்காய் சேர்த்து எண்ணெய் தெளியும் வரை கொதிக்க விடுங்கள். செய்த அன்றைக்குச் சாப்பிடாதீர்கள். மறுநாள் தீயலுக்கு ருசியே வேறு.

(சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் பாவக்காய்ச் சாறு குடிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கறியைப் பற்றிச் சொல்லவில்லை, டம்ளர் டம்ளராகக் குடிப்பதைச் சொல்கிறேன்.)

வெண்டைக்காய்க்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். நல்ல சூட்டில், மூடி போடாமல் வதக்குங்கள். கொஞ்சம் புளிப்புச் சேர்த்தால் கொழகொழப்பு அடங்கும்.

சாளைக்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, நல்ல சாளை வாங்குவது. கண் தெளிந்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி விழக்கூடாது. குளச்சலில் கரைக்கு வந்த மீனை அப்போதே வாங்கி வந்து முகர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் இத்தனை நாள் வெறுத்தது சாளையின் வாசனையை அல்ல, நேரம் போன சாளையின் வாசனையை. இரண்டாவது வழி புளி. மீன் பழசாக ஆக அதில் உண்டாகும் பொருள்தான் அந்தக் கவிச்சி. அதற்குக் காரத்தன்மை உண்டு (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை). புளிப்பு சேர்ந்தால் அது கட்டுப்பட்டு, ஆவியாகி மூக்குக்கு வருவது குறையும். மீன்குழம்பில் நம் ஆச்சிமார் புளியை அள்ளிக் கரைத்தது சும்மா இல்லை.

பக்கத்தில் ஒரு கூட்டாளி

பிடிக்காததைத் தனியாகச் சாப்பிடாதீர்கள், உங்களுக்கு உயிராக இருக்கும் ஒன்றோடு சேருங்கள். எனக்கு மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) உயிர். வேகவைத்துத் தண்ணீரை வடித்து, தேங்காயும் பச்சைமிளகாயும் மஞ்சளும் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து மசித்த கிழங்கு, அதில் ஒரு குழி, குழியில் சாளைக்குழம்பின் சாறு மட்டும். முதல் மூன்று தடவை மீனைத் தொடவே இல்லை. நாலாவது தடவை ஒரு செதில் சதை. இப்போது தலையையும் விடுவதில்லை.

அந்த மரச்சீனியே ஒரு காலத்தில் இந்த மண்ணுக்குப் பிடிக்காத சாப்பாடுதான். இந்த மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன் தொடர்ச்சியான மாநிலத்தோடும் இருந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்ப முயன்றபோது ஜனங்கள் விஷமென்று பயந்தார்கள் என்றும், அவர் அரண்மனையில் சமைக்கச் சொல்லித் தானே சாப்பிட்டுக் காட்டினார் என்றும் கதை சொல்வார்கள். பயத்தில் நியாயமும் இருந்தது. சரியாக வேகவைத்து வடிக்காவிட்டால் கிழங்கில் சயனைடு தரும் பொருள் மிஞ்சும். பிறகு இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றுபோனபோது வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்குதான். இப்போது மீனும் கிழங்கும் இல்லாத கன்னியாகுமரியை நினைக்க முடியுமா?

அளவும் எண்ணிக்கையும்

ஒரு தடவைக்கு ஒரு துண்டு போதும். வாரத்துக்கு இரண்டு தடவை. பசி இருக்கவேண்டும், ஆனால் கண் இருட்டும் பசி வேண்டாம். அப்போது ருசிக்காமல் விழுங்கத்தான் தோன்றும். மாத்திரை மாதிரி விழுங்கினால் கணக்கில் சேராது. மெல்லுங்கள், பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடுங்கள். துப்பினாலும் கணக்கில் சேரும்.

குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், புதிய உணவு ஒன்றை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து தடவை வரை ருசிக்கவேண்டி வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். நாம் இரண்டு தடவையில் கைவிடுகிறோம். நான் அடுக்களைக் காலண்டரில் கோடு போட்டுக்கொண்டேன். பாவக்காய்க்கு ஒன்பதாவது கோட்டில் ஒன்று நடந்தது: கசந்தது, ஆனால் கசப்புக்குப் பின்னால் வறுத்த தேங்காயின் இனிப்பு தெரிந்தது. அதுவரைக்கும் கசப்பு தட்டியதும் வாய் கதவடைத்துவிடும், பின்னால் வருவது எதுவும் தெரியாது.

சக்கையும் பஸ்ஸும்

நினைவினால் வரும் வெறுப்புக்கு மேலே சொன்ன எதுவும் சரிப்படாது. பத்து வயதில் கூழஞ்சக்கைப் பழத்தை (சக்கை என்றால் பலா, கூழன் என்றால் குழைந்த சுளை வகை) வயிறு முட்டத் தின்றுவிட்டு, பேச்சிப்பாறைப் பக்கம் வளைவு வளைவாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நடந்ததை எழுதவேண்டியதில்லை. அதன்பிறகு பதினைந்து வருடத்துக்கும் மேலாகச் சக்கை வாசனை வந்தால் வயிறு புரளும். வாந்திக்குக் காரணம் பஸ் என்று மூளைக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955இல் எலிகளிடம் இதைக் காட்டினார்: இனிப்புத் தண்ணீர் குடித்த எலிகளைக் கதிர்வீச்சினால் நோகவைத்தபோது, அவை பிறகு அந்தத் தண்ணீரை ஒதுக்கின. ஒரே ஒரு தடவை போதும்.

இதற்கு வேஷம் மாற்றிக் கொண்டுவர வேண்டும். முதலில் எண்ணெயில் பொரித்த சக்கை வற்றல். அதில் பழ வாசனையே இருக்காது. அப்புறம் சக்கைப்பழமும் கருப்பட்டியும் சேர்த்த இலைக் கொழுக்கட்டை. அப்புறம் சக்கைப் பிரதமன் என்ற பாயசம். கடைசியில் பழம், அதுவும் வருக்கைச் சக்கை, விறைப்பான சுளை. கூழனை இன்னும் தொடவில்லை. தேவையும் இல்லை.

வீட்டில் குழந்தை இருந்தால்

இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரளுவது சாதாரணம். "முருங்கைக்கீரைத் துவரன் தின்றால் ஐஸ்கிரீம்" என்று பேரம் பேசாதீர்கள். அதைத் தின்பதற்குக் கூலி தரவேண்டியிருக்கிறது என்றால் அது நல்ல பொருளாக இருக்காது என்று பிள்ளை சரியாகவே கணக்குப் போடும். இலையில் கொஞ்சம் வையுங்கள், நீங்கள் சாப்பிடுங்கள், பேசாமல் இருங்கள். கடைசியதுதான் நம் வீடுகளில் நடக்காத காரியம்.

பெரியவரோ சிறியவரோ, சாப்பிடும் பொருட்களின் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே போனாலும், எடை இறங்கினாலும், தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில் சாப்பாட்டையே தவிர்த்தாலும் இந்தச் செய்முறையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அது பிகு இல்லை. அதற்கென்று தனி நோய்ப்பெயரே உண்டு, வைத்தியமும் உண்டு.

பப்பாளி

காலண்டரில் பதினாறு கோடு போட்டாயிற்று. உப்பு, எலுமிச்சை, நல்லமிளகுத்தூள், குளிரவைத்தது, செங்காய் என்று எல்லாம் பார்த்தாயிற்று. மூக்கைப் பொத்தினால் தின்கிறேன், விட்டால் முடியவில்லை. வீட்டின் பின்னால் மரம் தானாக முளைத்து வருடம் முழுக்கக் காய்க்கிறது. பழத்தை மாமியார் வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். பதிலுக்கு அங்கிருந்து தூக்குவாளியில் தீயல் வருகிறது, முந்தின நாள் வைத்தது.