வடகடலா தென்கடலா என்று கேட்காமல் வண்டி ஏறாதீர்கள்

சென்ற மார்கழியில் ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் சும்மா அரியமான் கரையை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு மதுரை வேன் நிற்கிறது. ஜமுக்காளம் காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் தயிர்சாதம், அதன்மேல் மணல். பிள்ளைகள் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அழுகை. அந்த அம்மா என்னைப் பார்த்து, "வீடியோவுல குளம் மாதிரி இருந்துச்சுங்க, இங்க வந்து பார்த்தா இப்படிக் கெடக்கு" என்றார். ஒன்பது வருடம் முன்னால் நான் நின்ற அதே இடம், அதே மாதம், அதே முகம்.

அதனால்தான், குடும்பத்தோடு எங்கள் கடற்கரைக்கு வருகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். தொப்பி, மாற்றுத்துணி, பிஸ்கட் எல்லாம் எடுத்துப் போக உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

காற்று தெரியாமல் கரையைத் தேர்ந்தெடுப்பது

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கரையில் இருப்பவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வதுண்டு. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் வெளியூர்க்காரர்கள் பலர் வடகடல் எப்போதும் சாதுவாக இருக்கும் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். அப்படி இல்லை. எந்தக் கடல் அமைதி என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது, காற்று வருடத்துக்கு இரண்டு முறை திசை மாறுகிறது.

வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து. அது தென்கடலை நேராக அடித்துக் கிளப்பும். வடகரைக்கு அது நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும், அதனால் அரியமான், பிரப்பன்வலசை பக்கமெல்லாம் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல இருக்கும், ரொம்ப தூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான். ஐப்பசி பிறந்ததும் கதை தலைகீழ். வாடைக் காற்றும் கொண்டல் காற்றும் வடகிழக்கிலிருந்து திறந்த கடலைத் தாண்டி வடகரை மேல் வந்து மோதும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது, அதனால் காற்று பலமாக அடித்தால் அடிச்சேறு மேலே வந்து தண்ணீர் டீ நிறமாகிவிடும். கடல்தாழை, அதாவது கடலடிப் புல், அறுந்து கரையில் குவியும், இரண்டாம் நாள் அது நாறவும் செய்யும். அந்த நேரத்தில் தென்கடல் அடங்கிக் கிடக்கும். போதாததற்கு மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையாக 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளப்பாறையும் இருப்பதால் பெரிய அலை பல இடங்களில் கரைக்கு வருமுன்னே உடைந்துவிடும்.

இது மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே தெரியும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்குப் பருவம் கரை மாறித்தான் தொழிலுக்குப் போகிறார்கள். பரமக்குடியில் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடலைப் பற்றி யாரிடமும் கேட்கத் தோன்றவும் இல்லை.

நாங்கள் ஒரு ஆனி மாதத்தில் வடகரைக்குப் போய் அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டு வந்தோம். மாமியார் தண்ணீரிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அந்த நினைப்பில், அரையாண்டு லீவில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். பதினாலு பேர், வேன் வாடகை, இரண்டு நாள் சமையல் வேலை. போய் இறங்கினால் காற்று காதைப் பிய்க்கிறது. நாத்தனார் மகளுக்கு அப்போது நாலு வயது, முழங்கால் தண்ணீரில்தானே நிற்கிறாள் என்று விட்டோம், ஒரு அலை காலை வாரி இன்னொரு அலை மேலே புரட்டிவிட்டது. நாலே நொடி. என் கொழுந்தன் பாய்ந்து தூக்கிவிட்டான், மூக்கிலும் வாயிலும் மண்ணும் தண்ணீரும். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் மூன்று வருடம் அந்தப் பிள்ளை கடல் பக்கமே வரவில்லை, ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில்கூட இடுப்பை விட்டு இறங்க மாட்டாள்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. திரும்பும்போது வேன் ஓட்டி வந்த தம்பி சொல்கிறான்: "தென்பக்கம் போயிருக்கலாம்க்கா. வேதாளைல இன்னிக்கு அலையே இருக்காது." ஏன் தம்பி காலையில் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க எடம் முடிவு பண்ணிட்டுத்தானேக்கா வந்தீங்க" என்கிறான். அவன் சொன்னது சரிதான். மண்டபத்துப் பக்கம் இரண்டு கடலுக்கும் இடையே தூரமே ஓரிரு கிலோமீட்டர்தான். வண்டியைத் திருப்பியிருந்தால் கால் மணி நேரத்தில் அமைதியான தண்ணீரில் உட்கார்ந்திருக்கலாம், பகல் முழுக்க மணலைத் தின்றுகொண்டு இருந்தோம்.

ஆகவே, முதலில் மாதம், அப்புறம் கரை, கடைசியில்தான் ஊர். மாசியும் பங்குனியும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும், முதல் தடவை போகிறவர்கள் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்புகிற முந்தின நாள் கரையில் தெரிந்த யாருக்காவது போன் போட்டு, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். யாரும் இல்லையா, மீன் கடையில் கேளுங்கள், வேன் டிரைவரிடம் காலையிலேயே கேளுங்கள். கரையில் போய் இறங்கியதும் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் பலமாக அடித்தால் அலை உங்களை நோக்கித்தான் வருகிறது, பிள்ளைகளை இறக்காதீர்கள், மறுகரைக்குப் போங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் எந்தக் கரையும் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. கள்ளக்கடல் என்பார்கள். எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் சத்தமில்லாமல் வந்து கரையேறும். 2024 மே மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேர் இறந்து போனது அந்த எச்சரிக்கை இருந்த சமயத்தில்தான். செய்தியில் அந்தப் பெயர் வந்தால் தென்கரையை அன்றைக்கு மறந்துவிடுங்கள்.

காற்றடைத்த டியூப்

அமைதியான கரைக்குத்தான் இந்த எச்சரிக்கை. ஆனி, ஆடியில் வடகரையில் காற்று முதுகுப் பக்கமிருந்து அடிக்கும், நிலத்திலிருந்து கடலுக்கு. தண்ணீர் அசையாமல் கிடக்கும், ஆனால் பந்து, டியூப், பிளாஸ்டிக் படகு எதைப் போட்டாலும் நேரே உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதைப் பிடிக்க அப்பா நீந்துவார், டியூப் அவரைவிட வேகமாகப் போகும். ஐந்நூறு ரூபாய் டியூப்புக்காக ஒருவர் கழுத்தளவு தண்ணீருக்குப் போய்த் திரும்ப முடியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன், வலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வத்தையை, அதாவது சின்னப் படகை, தள்ளிக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். டியூப் கொண்டு போகாதீர்கள். போனால் போகட்டும் என்று விடத் தெரிந்தால் மட்டும் பந்து.

தனுஷ்கோடியில் குளிப்பது

கூடாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பாருங்கள், அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேர்வதைப் பாருங்கள். சட்டென்று ஆழம், இழுப்பு. பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், சாயங்காலம் எப்படியும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அமாவாசை

காலண்டரைப் பாருங்கள். ஆடி, தை அமாவாசையில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தால் சேதுக்கரை, தேவிபட்டினம், ராமேஸ்வரம் எதுவும் அமைதியான கரை இல்லை.

அங்கே தண்ணீர் இருக்கும் என்று நினைப்பது

ராமநாதபுரம் கரையோரத்தில் நிலத்தடி நீர் பல இடத்தில் உப்பு. குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிற ஊர்கள். அந்தத் தெருவில் போய், பிள்ளைகள் மேல் ஒட்டிய உப்பைக் கழுவ ஒரு வாளி தண்ணீர் தாருங்கள் என்று கேட்பது சரியில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் கேட்கக் கூடாது. பத்துப் பேருக்குக் குடிக்க ஒரு இருபது லிட்டர் கேன், உடம்பு அலச இரண்டு கேன், ஒரு குவளை. குவளையை மறந்தால் கேனைச் சாய்த்தே பாதி போய்விடும்.

பெண்கள் துணி மாற்றும் இடத்தையும் முன்கூட்டியே யோசியுங்கள். அமைதியான கரை என்றால் கட்டடமும் இல்லாத கரை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இரண்டு பழைய சேலை, ஒரு கயிறு, ஐந்தாறு கிளிப். சவுக்கு மரம் இரண்டுக்கு நடுவே கட்டினால் அறை ஆகிவிடும். இது இல்லாமல் போன நாட்களில் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் இறங்காமலே கரையில் உட்கார்ந்து பை பார்த்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். ஆண்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது

எல்லாரும் என்றால் யாரும் இல்லை. மணிக்கு ஒருவர் முறை வையுங்கள். முறை இருப்பவர் கையில் போன் கிடையாது, சாப்பாடு கிடையாது, கரைக்கு முதுகு காட்டி நிற்பதும் கிடையாது. தண்ணீருக்குள்ளே, பிள்ளைகளைவிட ஒரு எட்டு ஆழத்தில் நிற்க வேண்டும்.

காலடி

வடகடலில் அடி தெரியாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். மிதித்தால்தான் கொட்டும். சொறி பட்டால், அதாவது ஜெல்லி மீன், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், இரண்டுமே எரிச்சலைக் கூட்டும். கடல் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருப்பதை வழிக்காமல் இடுக்கியால் மெல்ல எடுத்துவிடுங்கள். மூச்சு இளைத்தால் யோசிக்காமல் 108.

பவளத்துண்டு, கடல் அட்டை

எடுக்காதீர்கள், வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், பிள்ளை கையில் இருந்தாலும் குற்றம்தான்.

கரையிலேயே மீன் வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம் என்று போவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறியிருக்கும். அந்த மாதங்களில் சோறு கட்டிக்கொண்டு போங்கள், நுங்கு மட்டும் அங்கே வாங்குங்கள். மற்ற நாளில் காலையில் படகு கரைக்கு வரும் நேரத்தில் போய் நின்றால் ஊளி மீனோ பாறை மீனோ கிடைக்கும். மீனை எடை போடும் நேரத்தில், அப்படியே அந்த அண்ணனிடம் காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள்.