வீடு வாங்க லோயர் பிடிக்கும்போது நம் ஆட்கள் விடும் பிழைகள்

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் இருந்து ஒரு தம்பியும் மனைவியும் வந்திருந்தார்கள். முதல் வீடு, இரண்டு அறை ஃபிளாட். இங்கிலாந்தில் ஃபிளாட் வாங்கினால் பெரும்பாலும் நிலம் வேறொருவருக்குச் சொந்தம், நமக்குக் குறித்த வருடங்களுக்கான உரிமைதான்; அதைத்தான் லீஸ் என்கிறோம். மோட்கேஜ் விஷயமெல்லாம் கதைத்து முடிந்த பிறகு, "லோயர் பிடிச்சிட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஏஜென்ட்டே ஒரு ஆளைச் சொன்னவர் அண்ணை. திங்கட்கிழமை கையெழுத்து வைக்கப் போறம்."

"லீஸ் எத்தனை வருசம் கிடக்கு?"

"எண்பதுக்கு மேலயாம். பிரச்சினை இல்லையெண்டு சொன்னவை."

அதே வசனத்தை 2014இல் நானும் என் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது மோட்கேஜ் ஆலோசகராக வேலை செய்வதால் மாதம் இரண்டு மூன்று பேர் வாயிலிருந்து கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டை விற்பவர் பெயரிலிருந்து வாங்குபவர் பெயருக்கு மாற்றும் கன்வேயன்சிங் வேலையை இங்கிலாந்தில் சொலிசிட்டரும் செய்யலாம், அதற்கென உரிமம் பெற்ற கன்வேயன்சரும் செய்யலாம். நாம் இருவரையும் லோயர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது, தொலைபேசியை எடுக்கவே எடுக்காத ஆளைத் தவிர்ப்பது போன்றவை உங்களுக்கே தெரியும்.

பேங்க் பட்டியலில் இல்லாத லோயர்

கடன் கொடுக்கும் பேங்க் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் பேங்க் தனக்கு வேறொரு லோயரை வைக்கக்கூடும். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான், இழுபடும் கிழமைகளும் உங்களுடையவை.

ஏஜென்ட் கைகாட்டிய ஆள்

ஏஜென்ட்டுக்குக் கூலி கொடுப்பவர் வீட்டை விற்பவர். உங்களை அனுப்பி வைத்ததற்காக லோயர் கம்பனியிடமிருந்தும் பல ஏஜென்ட்டுகளுக்குக் காசு போகிறது. வாங்குகிறார்களா, எவ்வளவு என்று நேரே கேளுங்கள். அதைச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. அப்படி வரும் லோயர்கள் எல்லாருமே கூடாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு யார் வேலை செய்யப் போகிறார்கள் என்பதை நீங்கள் விசாரித்துத் தெரிவு செய்யவேண்டும்.

ஃபிளாட் வாங்கப் போய், லீஸை வாசிக்காத லோயரைப் பிடிப்பது

இதுதான் என்னைச் சுட்ட பிழை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரொய்டனில் நான் வாங்கிய ஃபிளாட்டின் லீஸ், 24 ஜூன் 1997இல் தொடங்கும் 99 வருட லீஸ். 2014 மே மாதம் சாவி கைக்கு வந்தபோது 82 வருடமும் ஒரு மாதமும் மிச்சம். ஏஜென்ட் சொன்ன கம்பனியில்தான் கொடுத்திருந்தேன். என் ஃபைலை மூன்று பேர் மாறி மாறிப் பார்த்தார்கள், ஒருவரையும் நேரில் கண்டதில்லை. அவர்கள் அனுப்பிய அறிக்கையில் "மிச்சமுள்ள காலம்: 82 வருடங்கள்" என்று ஒரே ஒரு வரி. அதன் பொருள் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

பொருள் இதுதான். லீஸை நீட்டச் சொல்லிக் கேட்கும் நாளில் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் ஒரு விலை. அதற்குக் கீழே இறங்கிவிட்டால், நீட்டுவதால் கூடும் பெறுமதியில் பாதியையும் நிலத்துச் சொந்தக்காரருக்குச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு இது. நான் வாங்கிய காலத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: ஃபிளாட் உங்கள் பெயரில் இரண்டு வருடம் இருந்த பிறகுதான் லீஸை நீட்டும்படி உரிமையோடு கேட்கலாம்.

இதெல்லாம் 2015இல் ஒரு கலியாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2016 மே மாதம் இரண்டு வருடம் நிரம்பும், ஜூன் 24 வரை 80 குறையாது. ஒரு மாதம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

நான் சாவி கிடைத்த நாளிலிருந்து எண்ணியிருந்தேன். சட்டம் எண்ணியதோ லாண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசின் சொத்துப் பதிவேட்டில் என் பெயர் ஏறிய நாளிலிருந்து. பெயரை ஏற்றக் கேட்கும் விண்ணப்பத்தை என் லோயர் கம்பனி அனுப்பியதே 2014 செப்டம்பரில்தான். நாலு மாதம் மேசையில் கிடந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் எனக்கு உரிமை வந்தபோது லீஸில் மிச்சம் 79 வருடமும் ஒன்பது மாதமும். அதனால் மட்டும் கூடுதலாகக் கட்டியது 5,800 பவுண்ட்ஸ்.

இன்றைக்கும் ஆறாத விஷயம் இன்னொன்று. எனக்கு விற்றவர் அந்த ஃபிளாட்டில் 11 வருடம் இருந்தவர். லீஸை நீட்டக் கோரும் நோட்டீஸை அவரே கொடுத்து, அதன் பலனை விற்பனையோடு சேர்த்து என் பெயருக்கு மாற்றித் தந்திருக்கலாம். லீஸ் வேலை தெரிந்த எந்த லோயருக்கும் இது சாதாரண விஷயம். ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். முறையிட்டபோது, லீஸை நீட்டுவது பற்றி ஆலோசனை சொல்வது தங்கள் வேலைக்குள் அடங்கவில்லை என்று பதில் வந்தது. முதல் நாள் நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்த கடிதத்தில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

அந்த இரண்டு வருட நிபந்தனை 31 ஜனவரி 2025 முதல் இல்லை. 80 வருடக் கணக்கையும் எடுத்துவிட 2024ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு சட்டம் நிறைவேறுவது ஒரு நாள், அதன் ஒவ்வொரு பிரிவும் நடைமுறைக்கு வருவது வேறொரு நாள். நீங்கள் வாங்கும்போது எது நடைமுறையில் இருக்கிறது என்பதை லோயர் எழுத்தில் சொல்ல வேண்டும். பெயர் பதிவாகும் முன் உரிமையோடு கேட்க முடியாது என்பது இப்போதும் உண்மை. ஆகவே விண்ணப்பம் எந்தக் கிழமை போகும் என்று கேளுங்கள். என் ஃபைலைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை யார் பார்ப்பார், போன வருடம் எத்தனை லீஸ் ஃபிளாட் செய்தீர்கள், நிலவாடகை வருடா வருடம் கூடுமா, கட்டடத்தில் பெரிய திருத்த வேலைக்கு நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று பார்ப்பீர்களா என்றும் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் சலித்துக்கொள்பவரை அந்த இடத்திலேயே விடுங்கள்.

மலிவு விலை

விளம்பரத்தில் 499 பவுண்ட்ஸ் என்று இருக்கும். ஃபிளாட்டுக்குத் தனியாக, அன்பளிப்புக் காசுக்குத் தனியாக, முத்திரை வரிப் படிவம் நிரப்பத் தனியாக, பேங்கில் காசு அனுப்பத் தனியாக என்று பிறகு ஏறும். முழுத் தொகையையும் முதலில் எழுதி வாங்குங்கள்.

சீட்டுக் காசைப் பற்றிக் கடைசியில் வாய் திறப்பது

நம் ஆட்களுக்கே உரிய தலையிடி. முற்பணத்தில் சீட்டுக் காசு இருக்கும், மாமா தந்தது இருக்கும், ஊரில் காணி விற்றது இருக்கும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சரிபார்ப்பது லோயரின் சட்டக் கடமை. உண்டியலில், அதாவது பேங்க் வழியாக இல்லாமல் ஆட்கள் மூலம், வந்த காசுக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. ஒப்பந்தம் கைமாறப் போகும் கிழமையில் இதைச் சொல்லி வீட்டையே கைவிட்டுப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். லோயரைப் பிடிக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லி, என்ன காகிதம் போதும் என்று கேளுங்கள். காணி உறுதியைத் தமிழில் வாசிக்கத் தெரிந்த லோயரால் இந்த இடத்தில் பெரிய உதவி கிடைக்கும்.

"தமிழ் ஆள்தானே"

மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேளுங்கள்.

லோயர் பெயரில் ஈமெயிலில் வரும் புதிய பேங்க் கணக்கு எண்

நம்பாதீர்கள். முதல் நாள் குறித்து வைத்த நம்பருக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஹரோத் தம்பியின் லீஸில் மிச்சம் 81 வருடம். திங்கட்கிழமை கையெழுத்து வைக்கவில்லை, மூன்று இடத்துக்குப் போன் எடுத்திருக்கிறார். இரண்டாவது இடத்தில் பேசிய பெண், இவர் வாய் திறக்கும் முன்பே, "லீஸ் எந்த வருடம் தொடங்கியது?" என்று கேட்டாராம். அவரிடமே கொடுத்திருக்கிறார்கள்.