தாத்தாவின் ரேடியோகிராமுக்கு ரஷ்ய வால்வு தேடுவது எப்படி?

எங்கள் ரேடியோகிராம், அதாவது ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த செட், தாத்தா ரப்பர் பால்வெட்டுக் கூலியில் சேர்த்து வாங்கியது. தோட்ட லயத்தை விட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்குக் குடிவந்தபோது கூடவே வந்தது. ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களான அதன் பழைய ஐரோப்பிய வால்வுகளின் விலை இப்போது கட்டுப்படியாகாது. நான் ரஷ்ய வால்வுதான் போட்டிருக்கிறேன். மனதுக்கு நிறைவாகப் பாடுகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேலும் ஓடும், பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். மல்டிமீட்டரில் அளந்து, இறங்கிய பிறகே கை வையுங்கள். அப்புறம் வால்வுகளின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியைத் துடைக்காதீர்கள், சில எழுத்துகள் விரல் பட்டாலே போய்விடும்.

அடுத்து, ரஷ்யப் பெயரைப் படிக்கப் பழக வேண்டும். ஆங்கில எச் போல இருப்பது ‘என்’. கதவு நிலை போல நிற்பது ‘பி’. சி போல இருப்பது ‘எஸ்’. இது தெரியாத விற்பனையாளர்கள் 6என்2பி வால்வை ‘6எச்2என்’ என்று போட்டிருப்பார்கள். அப்படியும் தேடிப் பாருங்கள். முதல் எண், வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரின் வோல்ட்: 6 என்றால் 6.3. நடுவில் ‘என்’ வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பெருக்கிகள் உள்ள இரட்டை டிரையோடு, ‘பி’ வந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு.

இஎல்84 வால்வுக்கு 6பி14பி, 6வி6 வால்வுக்கு 6பி6எஸ், 6எஸ்என்7 வால்வுக்கு 6என்8எஸ். மூன்றும் அதே சாக்கெட்டில் உட்காரும்.

இசிசி83 மட்டும் அப்படியில்லை. அதற்கு 6என்2பி என்று பட்டியல்களில் பார்ப்பீர்கள். பெருக்கும் அளவு இரண்டுக்கும் ஏறக்குறைய 100, சாக்கெட்டிலும் சரியாக இறங்கும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. இசிசி83 சாக்கெட்டை 6.3 வோல்ட்டுக்கு இணைக்கும்போது 4, 5 முட்களை (வால்வின் அடியில் நீட்டும் கம்பிகளை) ஒன்றாகச் சேர்த்து, 9ஆம் முள்ளை மறுமுனையாக வைப்பார்கள். 6என்2பியின் ஹீட்டர் 4க்கும் 5க்கும் நடுவில் இருப்பதால் எரியவே எரியாது. செட்டில் 12.6 வோல்ட் வந்தால் கருகிவிடும். 4, 5 முட்களைப் பிரித்து 6.3 வோல்ட் கொடுத்து, 9ஐ எர்த்தில் சேர்க்க வேண்டும். சால்டரிங் பழகாதவர்கள் ரஷ்யாவின் சரதோவ் ஆலையில், இசிசி83இன் அமெரிக்கப் பெயரான 12ஏஎக்ஸ்7 என்றே செய்யும் வால்வை வாங்குங்கள், மாற்றமே வேண்டாம்.

புது 6பி14பி மாட்டுமுன், அதன் 2ஆம் முள்ளுக்கு வரும் பழைய காகிதக் கெப்பாசிட்டரை மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் மாட்டினேன். அது கசிந்து, வால்வின் உள்தகடு இருட்டில் அடுப்புக் கங்கு போலச் சிவந்துவிட்டது.

மாட்டிய பின் முதல் பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அந்தத் தகட்டைப் பாருங்கள். லேசாகச் சிவந்தாலும் உடனே சுவிட்சை அணையுங்கள்.