நிக்கலா, ஸ்டெயின்லெஸ்ஸா? தெரியாமல் பாலிஷ் போடாதீர்கள்

அமெரிக்காவில் பழைய கைத்துப்பாக்கி வாங்குகிறவர்களில் பலர், வெள்ளையாகப் பளபளப்பதெல்லாம் ஒரே சரக்கு என்று நினைத்து, கார் சக்கரத்துக்கு வாங்கிவைத்த பாலிஷையே எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நிக்கல் என்பது சாதாரண எஃகின் மேல் ஏற்றிய மெல்லிய பூச்சு. தேய்த்தால் தேயும், போனது போனதுதான். ஸ்டெயின்லெஸ் உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்பதால் சின்னக் கீறல்களைத் தேய்த்தே சரிசெய்துவிடலாம்.

காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, பொதுவாக இரண்டிலுமே ஒட்டும். நிறத்தைப் பாருங்கள்: நிக்கலில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், ஸ்டெயின்லெஸ் சாம்பல் கலந்த வெள்ளை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் துப்பாக்கி என்றால் மாடல் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 29 நீலக்கருப்பிலோ நிக்கலிலோ வரும், 629 என்றால் ஸ்டெயின்லெஸ். அவர்களுடைய முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வரான மாடல் 60 வந்ததே 1965இல்தான். 1950களில் செய்ததை ஸ்டெயின்லெஸ் என்று யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

(குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, குண்டு இருக்கும் அறைகளை இன்னொரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் துணியைக் கையில் எடுக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.)

நிக்கலுக்குப் பெரிய எதிரி அம்மோனியா. குழலில் படியும் செம்பைக் கரைக்கும் திரவங்கள் பலவற்றில் அது உண்டு, ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற துப்பாக்கி சுத்தம் செய்யும் திரவத்திலும் உண்டு. பல துப்பாக்கிகளில், குறிப்பாகப் பிற்பாடு மறுபூச்சு செய்தவற்றில், நிக்கலுக்கு அடியில் ஒரு செம்புப் படலம் இருக்கும். பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டையோ கீறலோ இருந்தால் போதும், திரவம் உள்ளே இறங்கிச் செம்பைக் கரைக்கும், மேலே இருக்கிற நிக்கல் பிடிப்பில்லாமல் செதில் செதிலாக உரியும். துப்பாக்கியை முழுசாக அதில் ஊறப்போட்டு ராத்திரி தூங்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல! குழலுக்குள் மட்டும் போடுங்கள், வெளியே சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

அடுத்தது ரிவால்வரில் குண்டுகளை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் முன்முகத்தில் வரும் கருவளையங்கள். சுடச்சுட வரத்தான் செய்யும், சுடும் வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஈயக்கறை நீக்கும் மஞ்சள் துணியைப் போட்டுத் தேய்த்தால் ஸ்டெயின்லெஸ்ஸில் கறை போகும், நிக்கலில் கறையோடு பூச்சும் போகும். நிக்கலுக்கு ஃபிளிட்ஸ் மாதிரி மென்மையான பாலிஷ், அதுவும் எப்போதாவது, கொஞ்சமாக. ஒவ்வொரு வாரமும் தேய்த்தால் ஓரங்கள் மழுங்கும், முத்திரை எழுத்துகள் மங்கும், சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

சரி, ஸ்டெயின்லெஸ் என்றால் எதுவும் ஆகாதா? ஆகும். நல்ல ரக எவர்சில்வர் தட்டில் பெரும்பாலும் குரோமியம் 18%, நிக்கல் 8% இருக்கும். துப்பாக்கிக்குக் கடினம் வேண்டும் என்பதால் 410, 416 போன்ற ஸ்டெயின்லெஸ் ரகங்களைப் பயன்படுத்துகிறார்கள், அவற்றில் குரோமியம் ஏறத்தாழ 12 முதல் 13% தான். இடுப்பில் வைத்துச் சுமக்கிறவரின் வியர்வை உப்பே பொட்டுப் பொட்டாகத் துருவை வரவழைக்கப் போதும். அதைச் சாதாரண இரும்பு நாரால் தேய்ப்பது இன்னும் மோசம், நாரின் துகள்கள் பரப்பில் ஒட்டிக்கொண்டு அவையே துருப்பிடிக்கும். மெல்லிய நைலான் ஸ்க்ரப்பரில் எண்ணெய் விட்டு, பரப்பில் தெரியும் மெல்லிய கோடுகள் ஓடும் திசையிலேயே இழுங்கள், வட்டமாகத் தேய்த்தால் அசிங்கமாகத் தெரியும். மணல் தூவியது போன்ற மங்கல் பரப்பு என்றால் பாலிஷ் பக்கமே போகாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் தனியாக மின்னும்.

இரண்டையுமே தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும். துடைத்து மெல்லிசாக மெழுகு பூசி வெளியே வையுங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸைப் பலர் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

நிக்கல் ஏற்கெனவே உரிந்திருந்தால் அந்த ஓரத்தில் பாலிஷே வேண்டாம், துணி மாட்டி இன்னும் உரியும். லேசாக எண்ணெய் தடவி அப்படியே விடுங்கள். மறுபூச்சு என்றால் பழையதை முழுக்க நீக்கித் தேய்த்துவிட்டுத்தான் போடுவார்கள். பழைய கோல்ட் (Colt) சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் போன்றவற்றில், உரிந்த அசல் பூச்சுக்குக் கிடைக்கும் விலை புதுசாக மின்னும் மறுபூச்சுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.