வார்டுக்குப் போற நர்சிங் பிள்ளைகளுக்கு

போஸ்டிங்குக்கு முன்னாடி நோயாளியோட பண்பாட்ட புரிஞ்சு கவனிக்கணும்னு சொல்ற லெய்னிங்கர் தியரிய மனப்பாடம் பண்ணா மட்டும் பத்தாது, நம்ம மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டி, மேலூர், ராம்நாடுன்னு எல்லா பக்கமும் இருந்து ஆள் வருது, வீட்ல சௌராஷ்ட்ரா பேசுற பாட்டியும் இருப்பாங்க. மொதல்ல பெட் நம்பர சொல்லி கூப்புடுறத விடுங்க.

ஆபரேஷனுக்கு தாலிய கழட்டச் சொல்றப்பதான் பாதி சண்டையே. மொட்டையா "கழட்டுங்க"ன்னு நிக்காம, கரண்ட் சூட்டால வெட்டி ரத்தத்த நிறுத்துற காட்டரி மெஷின் போடும்போது மெட்டல் இருந்தா சுட்டுரலாம்னு காரணத்த சொல்லுங்க, அதுக்கு பதிலா மஞ்சக்கயித்துல மஞ்சக்கெழங்கு துண்டு கட்டிக்கலாமான்னு சிஸ்டர்ட்ட கேட்டுட்டு சொல்லுங்க, கழட்டுனத வீட்டாள் கையிலயே குடுத்து கையெழுத்து வாங்கிருங்க.

நோன்பு பிடிக்கிற சுகர் பேஷண்ட்ட நீங்களா எதுவும் முடிவு சொல்லாதீங்க, சஹர் (விடியுறதுக்கு முன்னாடி சாப்புடுறது), இஃப்தார் (நோன்பு தொறக்குறது) நேரத்த கேட்டு டாக்டர்ட்ட சொல்லுங்க. பத்தியம்னு பிள்ள பெத்தவளுக்கு தண்ணியே குடுக்காத மாமியார்ட்ட மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, "வெந்நியா குடுங்கத்தா"ன்னா அநேகமா சரின்னுருவாங்க.